உலகநாதனின் சாக்ஸபோன் நாடா

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எனக்குச் சங்கீதம் என்றால் உயிர்.

சர்க்கார் நில உச்சவரம்பு கொண்டுவந்தபோது, திருவாரூர்ப் பக்கம் எனக்கு மிஞ்சிய நிலத்தை வாயில்லா ஜீவன்கள் பேரில் எழுதிவைத்தேன். நாய்க்கு ஒரு வேலி நிலம். வண்டிமாட்டுக்கு ஒரு வேலி; அது செத்த பிறகும் மூன்று போகம் சாகுபடி செய்தது. வாயுள்ளவர்களில் உலகநாதனை மட்டும் நம்பி ஐந்து ஏக்கர் எழுதினேன். நாகப்பட்டினத்து மீன்பிடிக் குடும்பம், தனிக்கட்டை. கப்பலேறிப் போய்ச் சிங்கப்பூர் ஓட்டலில் ஜாஸ் வாசித்து, சாக்ஸபோனோடு திரும்பியவர். கல்யாண ஊர்வலத்தில் அவர் ஊதினால் மாப்பிள்ளைக் குதிரை தாளம் தப்பாமல் நடக்கும்.

சாவதற்குள் தன் வாசிப்பு நாடாவில் ஏறவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எழுபது வயதில் தஞ்சாவூர் ஸ்டுடியோவில் ஏற்பாடு செய்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினோடு செல்லதுரை. இந்தப் பக்கம் அவரும், ரசிகனாக நானும்.

மூன்று பாட்டு முடிந்ததும் மைக்கைப் பார்த்துப் பேசினார்.

"அடுத்தது வீரையனுக்கு. எம்பேர்ல இருக்கற அஞ்சு ஏக்கரும் பினாமி. உழுவுறவன் அவன். அவனுக்கே சேரணும்."

இடைவேளையில் கேட்டேன்: "என்னய்யா, பாட்டுக்கு நடுவுல நெலம்?"

"நாத்துக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாத எனக்கு நெலம் எதுக்குங்க ஐயா?"

"அதைத் தாலுகா ஆபீசுல போய்ச் சொல்றது."

"அங்கெல்லாம் எனக்கு நிக்கத் தெரியாதுங்க. என் ஆபீஸ் இதான்." மைக்கைத் தட்டிச் சிரித்தார். "கடைசிப் பாட்டுக்கு முன்னால இன்னும் வெளக்கமாச் சொல்றேன், கேளுங்க."

வாயால் சொன்னது காற்றோடு போகும். நாடாவில் ஏறியது கோர்ட்டில் ஏறும். நாடாவை அழிக்கலாம்தான். ஆனால் அந்த மூன்று பாட்டும் போய்விடும். எனக்கு மனம் வரவில்லை. தவிர, அவர் மறுபடியும் பேசுவார்.

சாக்ஸபோன் ஊதுவாயில் செருகும் நாணல் சீவலை, ரீடை, பித்தளை டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுவார். வாசிக்குமுன் அந்தத் தண்ணீரை ஒரே மடக்காகக் குடிப்பார், மூச்சு நீளுமாம். பயிருக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்து, எண்ட்ரின், என் காரில் இருந்தது. எங்கள் பக்கம் தவழும் குழந்தைகூட அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவர் கடல்காரர்.

"செவுத்துக்கு பெயின்ட் அடிச்சிருக்காங்களா?" என்றார். குடித்தார்.

பேச வாயைத் திறந்தார். நாக்குப் புரளவில்லை. சாக்ஸபோனை எடுத்தார். பாதிப் பாட்டுவரை வாசித்தார். அவ்வளவு நீளமான சுரத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அழுதேன்.

வயதான காலத்து மனக்கஷ்டம் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். மாலை நான்தான் போட்டேன். அறுப்புக்கு முன்பே வீரையனை வயலைவிட்டு இறக்கினேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு வரப்பிலேயே கொஞ்சநேரம் நின்றான். பிறகு எங்கே போனானோ, யாருக்கும் தெரியாது. எனக்கு யார்மேலும் கோபமில்லை. சங்கீதத்துக்கு நடுவில் பேச்சு கூடாது. அதைத்தான் தடுத்தேன்.

ஒரு வருஷம் கழித்து நாடாவைப் போட்டுக் கேட்டேன். நாடா விலை ஜாஸ்தி என்பதால், யார் பேச ஆரம்பித்தாலும் செல்லதுரை உடனே மெஷினை நிறுத்திவிடுவானாம். உலகநாதன் பேசியதில் ஒரு சொல்லும் பதிவாகவில்லை.