நூத்தி நாலாம் நாள்

…அந்த யோகாவுக்கும் குடிக்கும் என்னாம்மா சம்பந்தம்? கால மடக்கி உக்காந்து மூச்ச இழுத்து வுட்டா சாராயம் மறந்துடுமா? எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல இருவது வருசமா மூச்ச இழுத்து வுட்டுகினுதான் இருக்காரு, என்னாத்த மறந்தாரு! நீ நேத்துதான் குடிய நிறுத்த உன் வூட்டுக்காரர இங்க சேர்த்தியா? அதான் மூஞ்சி அழுது வீங்கி இருக்குது. இப்புடி நெழலுக்கு வா. குடும்பக் கூட்டம்னு காலயில ஒம்போதுக்கே வரச் சொல்லிடுவானுங்க, குடிகாரங்களுக்குப் புத்தி சொல்ற கவுன்சிலரு பதினோரு மணிக்கு ஆடி அசஞ்சி வருவாரு. அவுரும் ஒரு காலத்துல மொடாக்குடியாம், கேட்டுக்க!

எங்களுக்கு இது ரெண்டாவது வாட்டி. ஆமா, டவுன்ஷிப்புதான், குவாட்டர்ஸு. எங்கப்பன் பண்ருட்டிப் பக்கத்துல பலாத்தோப்பு வச்சிகினு, பர்மனென்ட் மாப்ளன்னு கண்ண மூடிகினு குடுத்தாரு. பர்மனென்டாத்தான் குடிச்சாரு மாப்ள.

மொத வாட்டி இங்க தொண்ணூறு நாள் இருந்துட்டு வந்தாரு. வந்து ஒரே ரோதன! ஷிப்ட் முடிஞ்சா நேரா வூடு. பொண்ணு சத்யப்பிரியாவுக்குத் தல பின்னி வுடுறேன்னு கோணல் வகிடு எடுக்குறது, பாத்திரம் கழுவுறேன்னு சோத்துப் பருக்கையோட கவுக்குறது… காலண்டர்ல வேற குடிக்காத நாளுக்கு ஒரு கோடு, தெனம். இன்னிக்கி நூறு, இன்னிக்கி நூத்தியொண்ணுன்னு, பெரிய பரீட்ச எழுதுனாப்புல.

நான் நம்புனேனா? பன்னெண்டு வருசம் பொய்ய கேட்ட காதும்மா இது. அதான், பக்கத்து பிளாக்குக்காரி ஒரு மாத்திர குடுத்தா. குடிச்சா ஒடம்புக்கு ஒத்துக்காம பண்ணுற மாத்திர. பொடி பண்ணி ரசத்துல கலந்துட்டேன். தெனம்! அவருக்குச் சொல்லல. சொன்னா திம்பாரா?

ஐய, நீ ஏம்மா பைய அப்புடி இறுக்கிப் புடிக்கிற? உனக்கும் எவளாச்சும் அந்த மாத்திரய குடுத்தாளா? கேளு, முழுசா கேளு.

நூத்தி நாலாம் நாளு. எங்கப்பன் பலாப்பழம் அனுப்பியிருந்தாரு. பத்து சொள தின்னுட்டு வவுறு ஊதிகினு உக்காந்திருந்தாரு மனுசன். நான்தான் அரிஷ்டம் ஊத்திக் குடுத்துட்டு ரேசன் கடைக்குப் போனேன். வந்து பாத்தா மூஞ்சி ரத்தமா செவந்து, மூச்சு வாங்கி, பாத்ரூம்ல ஒரே வாந்தி! வுடுவனா? பிளாக்கே கேக்குற மாதிரி கத்துனேன். பொண்ணு தலயில கைய வச்சி, "சத்தியமா குடிக்கலடி"ன்னாரு. பொண்ணு தலயிலயே பொய் சத்தியமாடா பாவின்னு கைய தட்டி வுட்டேன். சட்டய மாட்டிகினு நேரா சாராயக் கடைக்குப் போனாரு. அன்னிக்கி குடியில வுழுந்தவருதான், திரும்ப இங்க கொண்டாந்து சேர்த்தேன்.

போன ஞாயித்துக்கெழம ஒரு டாக்டரம்மா வந்து வகுப்பு எடுத்திச்சி. அந்த மாத்திரய ஆளுக்குத் தெரியாம குடுக்கவே கூடாதாம், உசுருக்கே ஆபத்தாம். இருமல் டானிக், அரிஷ்டம் எதுவும் தொடக்கூடாதாம், அதுலயும் சாராயச் சத்து இருக்குதாம். மூஞ்சி செவந்து வாந்தி வருமாம். ஒரு சொட்டு குடிக்காமலே!

மாத்திர குடுத்தது நானு. அரிஷ்டம் குடுத்ததும் நானு.

அந்த வகுப்பு முடிஞ்ச கையோட இவரு நோட்ட எடுத்துகினு வராரு. யார் யாருக்கு என்னா கெடுதல் பண்ணோம்னு எழுதி வாசிக்கச் சொல்லுவாங்க இங்க. "பலாப்பழம் தின்ன அன்னிக்கி பொண்ணு தலயில பொய் சத்தியம் பண்ணிட்டேன், மன்னிச்சிடு"ன்னாரு. நானும் கவுன்சிலரும் சொல்லிச் சொல்லி, குடிச்சிட்டுத்தான் மறந்துட்டோம்னு அவருக்கே தோணிப்போச்சும்மா! அந்த ஒரு நாளுதான் அந்த மனுசன் நெஜம் பேசுனாரு. எனக்கு எல்லாம் தெரியும் அப்ப. தெரிஞ்சிகினே, "மன்னிச்சிட்டேன்"னேன். எல்லாரும் கை தட்டுனாங்க.

என்னா, எழுந்திரிச்சிட்ட? உன்ன கூப்புடலம்மா, புஷ்பவல்லின்னாங்க. அது என் பேரு. வரேன் சார், வரேன்… அந்தா, அதே நோட்ட கக்கத்துல வச்சிகினு நிக்கிறாரு பாரு. பேனா இருக்கா உன்கிட்ட? குடு. அந்தப் பொய் சத்திய வரிய நான்தான் அடிக்கணும்.