குட்டைக்கு நேர் கீழே ஒரு வீடு

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கால்நடை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகளே, மலையேறி வந்திருக்கும் என் மக்களே!

நம் வேளாண் அலுவலர் அம்மையார் செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். ‘குட்டைக்காரம்மா’ என்று அவருக்குக் கேலிப்பெயர் வைத்தவன் நான்தான்.

வெறும் உருளைக்கிழங்கை நம்பிக் கிடந்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு நோய் விழுந்தால் மலையே பட்டினி! அவர் வந்து சொன்னார்: “மேல குட்டை வெட்டி மீன் விடுங்க. கரையில புல்லு, புல்லுக்கு ஆடு, ஆட்டெருவுல காய்கறி. ஒண்ணு கைவிட்டாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்.”

மேல்சரிவுக்காரர்கள் வெட்டினார்கள். கீழே இருந்த நாங்கள், கரை உடைந்தால் என்ன ஆகும் என்று பயந்தே கிடந்தோம்.

அந்த ஆண்டே நான்கு நாள் அடைமழை. குட்டையில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. கரையை உடைத்துத் தண்ணீரை வடிக்கக் கடப்பாரையோடு முப்பது பேர் ஏறினோம். முன்னால் நான்.

அம்மையார் மறித்தார். “உடைச்சா மொத்தத் தண்ணியும் உங்க வீட்டு மேலதான் வரும். பாறைப் பக்கமா வாய்க்கால் வெட்டுங்க. ரெண்டு மணி நேரம் போதும்.”

“உங்களுக்கென்ன, மேல நிக்கிறீங்க!” என்று கத்தினேன்.

“குட்டைக்கு நேர் கீழ யார் வீடு?”

“என் வீடுதான். மாமியார் படுத்த படுக்கை. பாதை சரிஞ்சு கிடக்கு, தூக்கிட்டு வர முடியல.”

“அப்போ நான் போய் அவங்ககூட உட்காந்துக்கிறேன். நீங்க வெட்டுங்க.”

போனார்! சேற்றில் கையூன்றி, தவழ்ந்து போனார்!

வெட்டினோம். கரையில் விரல் அகலத்துக்கு விரிசல். கடைசியில் தண்ணீர் பாறைப் பக்கம் திரும்பியது. வீட்டுக்கு ஓடினேன். மாமியார் கையைப் பிடித்தபடி அம்மையார் உட்கார்ந்திருந்தார். மாமியார் சொன்னார்: “மாப்பிள்ளை, இந்தப் பொண்ணு பயத்துல வெடவெடன்னு நடுங்குது. ஒரு போர்வை குடுங்க.”

பயமில்லாதவரா அவர்? இல்லை. பயத்தோடு வந்து உட்கார்ந்தவர்!

மறு ஆண்டு கிழங்கு அழுகியது. எந்த வீட்டிலாவது அடுப்பு அணைந்ததா? மீனும் ஆடும் நம்மைக் காப்பாற்றின.

கிழக்குச் சரிவில் பன்னிரண்டு வீடுகள் குட்டை வெட்ட இன்னும் சம்மதிக்கவில்லை. அங்கே போகும் ஏற்றத்தில்தான் செவ்வாய்க்கிழமை அவர் விழுந்தார். நாளை காலை நான் போகிறேன். “கரை உடைஞ்சா யாருய்யா பொறுப்பு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. “நாங்கள்” என்று சொல்ல ஒரு குரல் போதாது.

மௌன அஞ்சலி பிறகு இருக்கட்டும். என்னோடு மலையேறுகிறவர்கள் முதலில் எழுந்து நில்லுங்கள்.