சாம்பிராணி போட்ட கப்பல்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர், மீனாட்சிபுரத்தின் மதிப்பிற்குரிய துரைசுவாமி அவர்களே! வரப்பு வேலையையும் வாய்க்கால் வேலையையும் அரைநாள் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பாலைக் கறந்து வைத்த கையோடு பந்தலுக்கு வந்து சேர்ந்த தாய்மார்களே! பள்ளிவாசல் மலையிலிருந்து லாரியில் குலுங்கிக் குலுங்கி வந்து, கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும் என் தோட்டத்துச் சொந்தங்களே! இந்த வாசகசாலையைத் திறந்துவைக்கக் கொச்சித் துறைமுகத்திலிருந்து வந்திருக்கும் கல்பாத்தி ராமபத்ரன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும், தேயிலை ஆலையில் இலையை வாட்டி வாட்டிக் கை கறுத்துப்போன இந்தச் சிலுவைராஜின் வணக்கம்.

ராமபத்ரன் ஐயாவை வாழ்த்திப் பேசு என்று என்னை அழைத்தார்கள். வாழ்த்துவேன், வாயார வாழ்த்துவேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்கவேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. கடைசி வரிசையில் நிற்கும் என் தோட்டத்தார், "இந்த மனுசருக்கு நாங்க கை தட்டமாட்டோம்" என்று லாரியில் ஏறும்போதே சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒருவரும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஏன் என்று இந்தச் சபை அறியவேண்டாமா?

முதலில் ஐயாவின் தொழிலைச் சொல்கிறேன். இவர் சர்வேயர்.

என்ன சொல்கிறார் அந்தப் பெரியவர்? "ஏனுங்க, எங்க காட்டு வரப்பையும் அளந்து குடுத்துட்டுப் போவாருங்களா?" என்கிறார். இல்லை பெரியவரே, இவர் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர் அல்லர். சரக்குக் கப்பல் கடலுக்குப் போகத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்பவர். உங்கள் வரப்புத் தகராறு கடலைவிட ஆழமானது, அதில் இறங்க இவருக்குத் தைரியம் போதாது.

கப்பலின் இரும்பு தேய்ந்ததா, தேறுமா? சரக்கறையை மூடும் பலகை அலையைத் தாங்குமா, தாங்காதா? சரக்கு மிஞ்சிப்போய், கப்பலின் பக்கத்தில் வரைந்த கோடு தண்ணீருக்குள் முங்கிவிட்டதா? ஆள் எத்தனை, ஆபத்துக்கு இறக்கும் படகு எத்தனை? இத்தனையும் இவர் பார்க்கவேண்டும். கப்பல்காரர் அவசரப்படுத்துவார். சரக்குக்காரர் கெஞ்சுவார். கப்பித்தான் கண்ணை உருட்டுவார். மூவருக்கும் நடுவே, கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு, சட்டையெல்லாம் துரு அப்பிக்கொண்டு, இவர் ஒருவர் நிற்பார். போகலாம் என்று இவர் கையெழுத்திட்டால்தான் கப்பல் நகரும்.

இனி கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஐம்பத்தாறாம் ஆண்டு மே மாதம். எங்கள் தோட்டத்தின் சின்ன ஆலை அப்போதுதான் பிறந்தது. அதன் முதல் தேயிலையைப் பெட்டி பெட்டியாகக் கொச்சிக்குக் கொண்டுபோனவன் நான். ஜூனில் இறங்கும் இடவப்பாதி மழை தொடங்குமுன் சரக்கு பம்பாய் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் ஆலையைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். கிடைத்தது ஒரே ஒரு கப்பல். வேறு எதிலும் இடமில்லை.

ராமபத்ரன் ஐயா வந்தார், இறங்கினார், தட்டினார், பார்த்தார், சரி என்றார். மறுநாள் காலையில் சரக்கு ஏற்றுமுன் இன்னொரு தடவை அறையைப் பார்க்க வந்தார். ஏணியில் பாதி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாராக்கும் இங்கே சாம்பிராணி போட்டது?" என்றார்.

அறை முழுக்கச் சாம்பிராணி மணம். தேயிலையைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தெரியும், அது பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சாம்பிராணி மணக்கும் தேநீரை யார் குடிப்பார்? "இந்த அறையில தேயிலை ஏத்தப்படாது. பலகையெல்லாம் எடுத்துக் கழுவிக் காயப்போடணும், மூணு நாளாகும்" என்றார்.

நான் கெஞ்சினேன், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "ஐயா, மழை வந்துரும்யா. எண்பது குடும்பம்யா." அவர் எப்போதும் கேட்பதையே என்னிடமும் கேட்டார். "இந்தக் கப்பல்ல யாரெல்லாம் போறா, பேரைச் சொல்லுங்கோ பாப்போம்." கையெழுத்திடுமுன் கப்பலில் போகிற ஒவ்வொருவர் பேரையும் கேட்டுக்கொள்வது இவர் வழக்கம். கப்பித்தான் பேர் எனக்குத் தெரியும். வேறு யார் பேரும் தெரியவில்லை.

கழுவுவதற்காக அறையின் தரைப்பலகைகளைத் தூக்கினார்கள். கீழே, ஒரு பாய் அகலத்துக்கு, இரும்பின்மேல் யாரோ எப்போதோ சிமெண்டு பூசி மறைத்திருந்தார்கள். ஐயா சுத்தியலால் தட்டினார். மூன்றாம் தட்டில் சிமெண்டு உதிர்ந்தது. நான்காம் தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போனது. கடல் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. கரியறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து, சாக்கையும் மரமுளையையும் வைத்து முட்டியால் அழுத்தி அடைத்தார். அவர்தான் இந்த ஊர் நல்லமுத்து. இரண்டாம் வரிசையில் தன் மனைவி மருதாத்தாள் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வேறு யாரையோ சொல்கிறேன் என்பதுபோல உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். அன்றைக்குத்தான் அவர் பேர் எனக்குத் தெரிந்தது.

தகடு மாற்றுவதற்குள் மழை இறங்கிவிட்டது. கப்பல் ஆகஸ்டு கடைசியில்தான் போனது. ஆலை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. என் சொந்தங்களே, நீங்கள் ஏலக்காட்டுக்கு நடந்து போனீர்கள், அட்டைக்கடி பட்டீர்கள், பிள்ளைகளுக்குக் கஞ்சியைத் தண்ணீராக்கிக் கொடுத்தீர்கள். "யாரால இது?" என்று கேட்டீர்கள். "ஒரு பாலக்காட்டு அதிகாரியோட முரட்டுப் பிடிவாதம்" என்றேன் நான். நம்பினீர்கள். அதனால்தான் இன்று கைகட்டி நிற்கிறீர்கள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சாம்பிராணியைப் போட்டவன் நான்.

நம் கோயிலில் வாங்கிய சாம்பிராணி. முதல் சரக்காயிற்றே, நல்லபடியாகப் போகட்டுமே என்று, முந்தின நாள் சாயங்காலம் இரும்புச் சட்டியில் கங்கெடுத்துப் போய், மூலை மூலையாகப் புகை காட்டினேன். தேயிலைக்கு மணம் ஆகாது என்பதை உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். பக்தி வந்த வேகத்தில் படித்த தொழில் பறந்துபோயிற்று. மூன்று நாள் தாமதம் என்னால். அதன் பிறகான தாமதமெல்லாம் ஓட்டைக் கப்பலால். ஐயாவின் பிடிவாதத்தால் ஒரு நாள்கூட இல்லை.

கொச்சியில் ஒருநாள் எனக்குத் திமிர்கூட வந்தது. "பார்த்தீகளா ஐயா, என் சாம்பிராணிதான் கப்பலைக் காப்பாத்துச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ இனிமே சர்வேயருக்குப் பதிலா சாம்பிராணியை வச்சுக்கலாமே" என்று சொல்லிவிட்டுத் தன் குறிப்பை வாசித்துக் காட்டினார். அதில் இருந்தது இது: முதல்நாள் பார்த்தபோது பலகையைத் தூக்கிப் பார்க்காமல் சரி என்றேன், அது என் பிழை.

நான் அதிர்ந்துபோனேன். "உங்க குத்தத்தை நீங்களே ஏன்யா எழுதுறீக? யாரு கேட்டா?" என்றேன்.

"யாரும் கேக்கலை. நாளைக்கு என் இடத்துக்கு வரவன் இதை வாசிப்பன். வாசிச்சா பலகையைத் தூக்குவன்" என்றார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "சாம்பிராணின்னு எழுதியிருக்கேன். உங்க பேரை எழுதலை. அது நீங்களாச் சொல்ல வேண்டியதாக்கும்."

இரண்டு வருஷம் நான் சொல்லவில்லை.

யார் அங்கே பேசுவது? சாந்தம்மாளா? உரக்கச் சொல்லு அம்மா, சபை கேட்கட்டும். "என் தலையில இருந்த ஒரு முழம் மல்லிகைக்கு ஆலை வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்புனீகளே. ரெண்டு வருசமா இதைச் சொல்ல வாய் வரலையா?" என்று கேட்கிறாள். சரியான கேள்வி. பயம், அம்மா. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம், வேலை போய்விடுமோ என்று பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. நாளை முதல் ஆலை வாசலோடு உன் மல்லிகையும் நிற்கும், என் சாம்பிராணியும் நிற்கும்.

பெரியோர்களே, சுதந்திரம் பெற்ற நாட்டுக்கு என்ன வேண்டும்? அணை வேண்டும், ஆலை வேண்டும், கப்பல் வேண்டும். எல்லாம் வரும், நம் கண்ணெதிரே வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அணையிலும் பூச்சு உண்டு, ஆலையிலும் பூச்சு உண்டு. பூச்சைத் தட்டிப் பார்க்கும் கை வேண்டாமா? தன் பிழையைத் தானே எழுதும் கை வேண்டாமா? அப்படிப்பட்ட கை ஒன்று இந்தப் பாலக்காட்டிலிருந்து புறப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து, என் கைக்கும் இன்று கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது.

தட்டுகிறீர்களா? கடைசி வரிசையிலா தட்டுகிறீர்கள்? எனக்கு வேண்டாம், அவரைப் பார்த்துத் தட்டுங்கள். பலமாகத் தட்டுங்கள், மலை வரைக்கும் கேட்கட்டும்.

இரண்டு வருஷத்துச் சுமையை இறக்கிவைக்க இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. ராமபத்ரன் ஐயா, கொச்சிக்குப் போனதும் அந்தக் குறிப்பை எடுங்கள். சாம்பிராணி என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: போட்டவர், சிலுவைராஜ், பள்ளிவாசல். எல்லோருக்கும் வணக்கம்.