பாட்டில் எண்

நெருங்கி உட்காருங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கிறேன், கதவைச் சாத்துகிறேன் என்று எவரும் எழுந்திருக்கக் கூடாது. கேட்டால் முழுசாகக் கேட்க வேண்டும்.

ராத்திரி ஒன்றே முக்கால். ஊருக்கு வெளியே போகும் நீளச் சாலை... தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிகிறது. அதில் ஒரே ஒரு பைக். ஓட்டிப்போனவன் என் சிநேகிதனின் மச்சான். கம்ப்யூட்டர் சர்வர் பழுது பார்ப்பவன். பெயர் வேண்டாம். எதிலும் பரபரவென்று நிற்பான், அதனால் எல்லோருக்கும் அவன் 'அவசரம்'.

அன்று அவசரப்பட நியாயமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் தங்கச்சிக்குக் காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். சாயங்காலமே இரத்த வங்கியின் சர்வர் படுத்துவிட்டது. எந்தப் பாட்டில் யாருக்கு என்ற பட்டியல் முழுவதும் அதற்குள்தான். 'நானே சரி பண்ணித் தர்றேன்' என்று இவன் வாய்விட்டு, வீட்டுக்குப் போய்ப் புது மெஷினை எடுத்து வருகிறான்.

"லிஸ்ட் வரலன்னா ஒரு பாட்டில்கூட வெளிய போகாது தம்பி," என்று இரத்த வங்கி அக்கா முன்பே சொல்லிவிட்டாள். தங்கச்சி மட்டும் சிரித்தாள். "பதறாம பண்ணுண்ணே. பதறாத காரியம் சிதறாதுன்னு யாரு சொன்னாலும் நீதான் கேக்க மாட்ட."

சர்வர் அறை தரைக்குக் கீழே. ஏசிக் குளிர். உள்ளே போனதுமே தைல வாசனை... சளித் தைலம். பதினோரு வருஷம் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட பெரியவர் நாள் முழுக்கத் தைலம் தேய்த்துக்கொள்வார், ஒற்றை விரலால் டைப் அடிப்பார். தைலம் சார். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

புது மெஷினில் டேட்டாபேஸை ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த பதிவுகளையெல்லாம் நகலெடுத்துப் போட்டான். மணி நாலே முக்கால். கிளப்பினான்... கிளம்பவில்லை. திரையில் ஒரே வரி. 'இந்தப் பதிவுகளை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்.'

பூட்டுக் கோப்பு. உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக மெஷின் தானே எழுதி வைப்பது. அதை அழிக்குமுன் உள்ளே நிஜமாகவே யாரும் இல்லையா என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான், குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பதுபோல. இவன் பார்க்கவில்லை. பழைய டிஸ்கிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த குப்பை என்று அழித்தான்.

பூட்டு மறுபடி வந்தது. அது எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்தான். நாலு ஐம்பத்திரண்டு... இப்போதுதான். ஆனாலும் அதையும் அழித்தான், அந்தக் கையோடு கிளப்பினான். ஓடிவிட்டது.

அப்பாடா என்று தங்கச்சியின் பக்கத்தைத் திறந்தான். நாலு பாட்டில். அதன் கீழே ஒரு குறிப்பு. 'கொடுக்க வேண்டாம். பாட்டில் எண்...' அதோடு நின்றுபோயிருந்தது. எழுதியவர், தைலம் சார். நேரம், நாலு ஐம்பத்திரண்டு. இவன் அழித்த அந்த நொடியில் அறுந்திருக்கிறது.

நாலில் எது? பாடுபட்டுக் கிளப்பியதைத் தன் கையாலேயே நிறுத்தினான். பூட்டு தானாக வந்து விழுந்தது. அதை இந்த முறை தொடவில்லை.

"சார்... முடிச்சிருங்க சார். நான் இருக்கேன்."

டக்... டக்... டக்.

பெரியவரின் மேஜையில் கிடந்த பழைய கீபோர்டு. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றை விரல், நிதானமாக. இவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். ஐந்து முப்பத்து நாலுக்குச் சத்தம் கொஞ்சம் நின்றது. அவ்வளவுதான், பூட்டை அழித்தான், கிளப்பினான், பார்த்தான். மூன்றாவது பாட்டிலின் எண் விழுந்திருந்தது. அச்செடுத்துக்கொண்டு மேலே ஓடினான்.

அக்கா அந்தப் பாட்டிலைச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லேபிளில் ஒரு வகை, உள்ளே வேறு வகை.

"இது ஏறியிருந்தா அவ்வளவுதான் தம்பி. மீதி மூணையும் பாத்துரவா? முக்கா மணி நேரம் ஆகும்."

"வேணாங்க்கா. லிஸ்ட்ல ஒண்ணுதான் இருக்கு. ஆறு மணி ஆயிருச்சு, அனுப்புங்க."

மூன்று பாட்டிலும் மேலே போயின. ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தப்பட்டது. சுவரில் சாய்ந்து அழுதான் பாவி, சந்தோஷத்தில்.

ஏழு மணிக்குப் பையை எடுக்கக் கீழே இறங்கினான். தைல வாசனை இன்னும் போகவில்லை. திரையில் தங்கச்சியின் பக்கம் அப்படியே திறந்திருந்தது. மூன்றாவது பாட்டிலின் எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி... ஐந்து முப்பத்து நாலுக்கு அறுந்த வரி. ஓட்டத்தில் இவன் கண்ணில் படாதது.

'கொடுக்க வேண்டாம். பாட்டில் எண்...'

பழைய கீபோர்டு அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது நிதானமாக இல்லை. பத்து விரலாலும், வேகவேகமாக.