திரை முன் வந்து நின்ற தகப்பன்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே! இப்பள்ளியைக் கட்டி எழுப்பிய தாளாளர் அவர்களே! வயதாலும் அறிவாலும் மூத்த பெரியோர்களே! விடியுமுன் எழுந்து பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, இந்த இடுங்கிய நாற்காலிகளில் இடுப்பு நோக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இப்பள்ளியின் தமிழாசிரியன், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நம் பிள்ளைகள் பறந்த பெருமையைப் பேசச் சொன்னார்கள். வந்துவிட்டேன். எதைப் பேசுவேன்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்?

இருமொழிப் பள்ளி என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். மாடியில் ஆங்கிலப் பிரிவு, அங்கே விண்ணப்பக் கட்டுரைக்கு மெருகேற்றுவார்கள். கீழே என் தமிழ்ப் பிரிவு, இங்கே பெற்றோரைத் தயார் செய்வோம். கணினியில் நேர்காணல் முடியும்போது தாயோ தந்தையோ திரை முன் வந்து ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லி வணங்க வேண்டும், அது நம் வழக்கம். மாடியில் எழுதியதைக் கீழே படித்தோமா? கீழே பழக்கியதை மாடியில் கேட்டார்களா? இல்லை ஐயா, இல்லவே இல்லை!

நம் மாணவி ஒருத்தி. அப்பா பேருந்து ஓட்டுநர். "ஐ ஆம் ஹெர் ஃபாதர், தேங்க் யூ" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். சிக்னலுக்குச் சிக்னல் அதையே சொல்லிப் பார்த்தாராம். "அண்ணே, யாருக்கு வேணா ஃபாதரா இருங்க, மொதல்ல வண்டிய எடுங்க!" என்றாராம் ஒரு பயணி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அன்று சிரித்தவன்தான்.

மாடியில் என்ன நடந்தது? கட்டுரையில் சோகம் போதவில்லையாம்! "சிறு வயதிலேயே தந்தையை இழந்தேன்" என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அவளுக்கும் காட்டாமல் அனுப்பிவிட்டார்கள்.

நேர்காணலில் அருமையாகப் பேசினாள் அந்தப் பெண். முடிவில் கேள்வி கேட்ட பல்கலைக்கழக அம்மையார், "உன் அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்" என்றார். இவள் திகைத்து வாய் திறப்பதற்குள், சலவைச் சட்டையோடு திரை முன் வந்து நின்றார் தகப்பனார். ஐ ஆம் ஹெர் ஃபாதர்! ஓர் எழுத்துப் பிசகவில்லை.

நான்காம் நாள், பொய்த் தகவல் என்று சொல்லிப் பல்கலைக்கழகத்தார் அவள் விண்ணப்பத்தையே ரத்து செய்துவிட்டார்கள். எங்கள் தவறு என்று அவர்களுக்கு எழுதுங்கள், எழுதுங்கள் என்று நம் நிர்வாகத்திடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம்! இதோ, தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரமாகிவிட்டதாம். ஆமாம் ஐயா, அந்தப் பெண்ணுக்கும் நேரம் கடந்துவிட்டது. அங்கே வகுப்புகள் தொடங்கிவிட்டன.

விண்ணப்பம் ரத்தான மறுநாள் அந்த ஓட்டுநர் மகளோடு என் அறைக்கு வந்தார். சண்டை போட வந்தாரா? சட்டையைப் பிடிக்க வந்தாரா? பிடித்திருந்தால் என் பாரம் குறைந்திருக்கும்!

"சார், அன்னிக்கு வந்தது பெரியப்பான்னு எழுதிடுங்க. அப்பா செத்தது செத்ததாவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல சார், புள்ள படிக்கணும்."

"பேசாம வாங்கப்பா, போலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள் மகள்.

பெரியோர்களே! உயிரோடு இருப்பதே குற்றம் என்று ஒரு தகப்பனை நினைக்க வைத்தோமே, இதுவா கல்வி? இதுவா வளர்ச்சி? இதற்கா இத்தனை மாடி, இத்தனை மொழி? திருத்த எனக்கு வழி தெரியவில்லை.

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. அந்த மனிதர் நூறாண்டு உயிரோடு இருக்கட்டும். வணக்கம்.