முழங்கையில் இடது கை

கிண்ணியா பஸ் ஓர்ஸ் ஹில்லைத் தாண்டி, உள்துறைமுகத்துத் தண்ணீர் ஜன்னலில் தெரிந்தபோது, முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் சொன்னார்:

“மச்சான், ஒளிச்சு ஒளிச்சு கொரியா நாடகம் பாக்கிறனாம் எண்டு என்ட மகள் என்னைப் பிடிச்சிட்டாள்.”

“நீ எங்க நாடகம் பாக்கிற?”

“நேத்து தேத்தண்ணி தந்தாள். வலது கையால வாங்கக்குள்ள இடது கையை முழங்கைக்குக் கீழ வெச்சிட்டன். ‘வாப்பா, நாடகத்தில மரியாதைக்கு இப்பிடித்தான் வாங்குவாங்க’ எண்டு சிரிக்கிறாள்.”

“நீ கொரியாவில மீன்பிடி போட்டில வேலை செய்தது அவளுக்குத் தெரியுந்தானே?”

“தெரியும். ஆனா அவள்ட கொரியாவில வடிவான பொடியன்களும் பெரிய கட்டிடங்களுந்தான். என்ட கொரியாவில கணவாய் மீன் மணம். விறைக்கிற குளிருக்க கிழட்டு முதலாளி சூப் கோப்பையை நீட்டுவார், நான் அப்பிடித்தான் வாங்குவன். இப்ப உசிரோட இருக்கிறாரோ தெரியாது.”

“இந்த நாடகப் பைத்தியம் எத்தனை நாளைக்கு? நாளைக்கு போன்ல வேற நாடு வரும். மகள் இதை மறந்திருவாள்.”

“மறக்கட்டும். எனக்கு அந்தப் பாஷையே மறந்து போச்சு. கைதான் மறக்குதில்லை.”

இளம் கண்டக்டர் வந்தார். முன் இருக்கைக்காரர் காசை நீட்டியபோது, இடது கை தானாகவே வலது முழங்கைக்குக் கீழே போனது.

கண்டக்டர் சிரித்தார். “நானா,” என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார், “நீங்களும் கொரியா நாடகம் பாக்கிறீங்களா?”

இவர் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்தார்.

“ஓம் தம்பி,” என்றார். “கனகாலமாப் பாக்கிறன்.”