அண்ணாச்சிக்கு நான் வைத்துக்கொடுத்த போன்

போன் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். உள்ளே தெரிகிற கண்ணாடிக் கவர் மட்டும் வாங்காதீர்கள். ஓணத்துக்கு வாங்கினால் கார்த்திகைக்குள் வெற்றிலை போடுகிறவன் பல்லு மாதிரி மஞ்சளடித்துவிடும். சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு அதையே வாங்கிக்கொண்டு வருவார்கள். மேசைமேல் கிடக்கிற உங்கள் போனையும் பார்த்தேன் சார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் பெயர் பகவதிப்பெருமாள். கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். வீடு வலியசாலையில். எங்கள் தெருவில் என்னைக் கேட்காமல் யாரும் போன் வாங்க மாட்டார்கள். நான் சொன்னதை வாங்கவும் மாட்டார்கள், அது வேறு விஷயம். பத்திரிகை அடித்து மண்டபமும் பிடித்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்க வருகிற கூட்டம் உண்டல்லவா, அந்தக் கூட்டம்தான் இது. “பெருமாளு, இது கொள்ளாமா?” என்று, நன்றாயிருக்குமா என்று கேட்பார்கள். கொள்ளாது என்றால் முகம் கோணும். கொள்ளாம் என்றால் அடுத்த வாரமே சார்ஜ் நிற்கவில்லை என்று வந்து என் தலையை உருட்டுவார்கள்.

புது போன் வந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், அதற்கடுத்து என் வீடு. இதுதான் எங்கள் தெரு முறை. நான் திறந்து, நம்பர்களை ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, பூட்டுக்கு அவர்கள் விரலைப் பதிப்பேன். கூடவே என் வலது பெருவிரலையும் பதித்துவிடுவேன், ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. யாரும் வேண்டாமென்றதில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைப்பதில்லையா, அதுபோலத்தான். என் மனைவி சரஸ்வதி மட்டும் முணுமுணுப்பாள். “ஊர்ல உள்ள போனுக்கெல்லாம் நீங்க வைத்தியரு. நம்ம வீட்டு டிவி ரிமோட்டுக்கு ஒரு பாட்டரி போட ஆளில்ல.”

இனி குற்றாலலிங்கம் அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். நாலு வீடு தள்ளி இருந்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மதினி போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். ஒரே மகன் கிரீஷ், மருமகள் அஞ்சுவோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். கல்யாண விஷயத்தில் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சில் ஊரோடு ஒட்டும் உறவும் அறுத்தவன். அப்பாவிடம் மட்டும்தான் பேச்சு.

அண்ணாச்சி போன் வாங்க வேண்டுமென்று ஒரு மழைக்காலம் முழுக்க என்னிடம் யோசனை கேட்டார். நானும் தேடிப் படித்து, ஆராய்ந்து, அவர் கண்ணுக்கும் கைக்கும் ஒத்துவருகிற ஒன்றைச் சொன்னேன். கடைக்குப் போனவர் வேறொன்றை வாங்கிவந்தார். என்ன காரணம் என்றால், கூட ஒரு ரைஸ் குக்கர் சும்மா கொடுத்தார்களாம். ஓசியில் கிடைத்தால் பினாயிலும் குடிக்கிற ஜென்மங்கள் உண்டு. எனக்கு அன்று வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை சார். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரீஷ் வீடியோவில் கூப்பிடுவான். அண்ணாச்சி போனை மடியில் வைத்துக்கொண்டு பேசுவார். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசுவான். முடிந்ததும் நேரே என் வீடு. நான் அப்போதுதான் இலையில் புளிசேரியை ஊற்றியிருப்பேன்.

“வே பெருமாளு, அவன் சொல்லுகான், எனக்க மூஞ்சி ஒரே பொகையா இருக்காம். ஒண்ணு நோக்கும்.”

“காமிராவுல சந்தனம் இருக்கு அண்ணாச்சி. தொடச்சா போரும்.”

“பிள்ளையாருக்க பிரசாதமாக்கும் அது. தொடைக்கப்பிடாது. வேற வழி பாரும்.”

வாராவாரம் இதே கதை. புளிசேரி ஆறும், மத்தியானத் தூக்கம் போகும். கிரீஷ் வேறு அங்கிருந்தபடியே அதை அப்டேட் பண்ணு, இதை அழி என்று சொல்லிக்கொடுத்து, நான் சரிசெய்து வைத்ததையெல்லாம் குட்டிச்சுவராக்குவான். கோளாறு போனில் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்தக் கூப்பாட்டில்தான் இருந்தது. ஆகவே கோளாறை எடுத்துவிட்டேன்.

எப்படி என்று கேட்டீர்கள். வெகு எளிது. அண்ணாச்சியின் வாட்ஸப்பை என்னிடம் சும்மா கிடந்த பழைய போனுக்கு மாற்றிக்கொண்டேன். கிரீஷ் அப்பாவுக்கு அனுப்புவதெல்லாம் அதில் வந்து விழும். அண்ணாச்சியின் போனில் ‘கிரீஷ்’ என்ற பெயருக்கு என்னுடைய இன்னொரு சிம்மின் நம்பரைப் போட்டு, பையனின் படத்தையும் ஒட்டி, இனி வாட்ஸப் வேண்டாம், சாதாரண மெசேஜில் எழுதினால் போதும் என்று காட்டிக்கொடுத்தேன். வெளிநாட்டுக் கூப்பாடு நேரடியாக வராமல் தடுத்துவைத்தேன். பிறகு அப்பாவாக மகனுக்கு எழுதினேன்: காது சரியாகக் கேட்கவில்லை மக்கா, இனி எழுத்தில் பேசுவோம். மகனாக அப்பாவுக்கு எழுதினேன்: ஆபீசில் புது வேலை, பேச முடியாது அப்பா, இனி எழுத்தில் பேசுவோம். இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள். இவ்வளவு நல்ல மனுஷர்களை நான் கண்டதில்லை.

அன்று முதல் என் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. எப்படி நிறுத்துவது? அவர் எழுதுகிறாரே, பதில் போட வேண்டாமா? “சாப்பிட்டியா மக்கா” என்று தினமும் கேட்பார். கடையில் பில்லுக்கு நடுவே, சாப்பிட்டேன்பா, புளிசேரி என்று போடுவேன். “அஞ்சு புளிசேரி வைப்பாளா?” என்று கேட்பார். யூடியூபைப் பார்த்து வைத்தாள் என்பேன். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று எழுதிவிட்டேன். உண்மையாகவே எனக்குத்தான் காய்ச்சல். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடி என்று எழுதினார், ஆறினதா ஆறினதா என்று ராத்திரி வரைக்கும் கேட்டார். என் அப்பா என்னை நெற்றி தொட்டுப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் ஒரு கடையில் கொண்டுவிட்டவர், அதோடு சரி. எனக்கு அன்று அழுகை வந்தது சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிரீஷ் பக்கமும் குறையில்லை. அவன் அப்பா அவனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசத் தெரியாதவர். நான் பேசினேன். அஞ்சுவை விசாரித்தேன். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று எழுதினேன். “அப்பா, நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்கன்னு தெரியாமப் போச்சே” என்று பதில் போட்டான். காலையில் பத்மநாபசுவாமி படத்தோடு ஒரு சுபதினம் அனுப்பினால் ஒரு இதயம் திரும்பி வரும். என் சொந்த போனுக்கு வருவதெல்லாம் கடை முதலாளியின் மிஸ்டு கால்.

அதற்குப் பிறகுதான் அந்த வாரம் வந்தது. அண்ணாச்சி எழுதினார்: “மக்கா, தனியா இருக்க முடியல்ல. ராத்திரி வீடு பேசுக மாதிரி இருக்கு. நான் ஒன் கூட வந்து இருக்கட்டா?” அதே வாரம் கிரீஷ் எழுதினான், அப்பா, உங்களுக்கென்று ஒரு அறை ஒழித்துவைத்திருக்கிறோம், அஞ்சுவும் சொல்கிறாள், நான் வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று.

கடை மேசையில் இரண்டு போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் வந்ததை மற்றதற்கு அனுப்பினால் போதும், தீர்ந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து யோசித்தேன். அண்ணாச்சிக்கு மூட்டுவலி, அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது. கிரீஷுக்கு வேலை, நோயாளியைப் பார்க்க நேரம் ஏது. ஒருத்தருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்வதுதானே நான் இத்தனை நாளாகச் செய்வது. இந்தத் தடவை சொன்னதைக் கேட்பார்கள் என்ற உறுதியும் இருந்தது. மகனுக்கு எழுதினேன்: இந்தத் தெருவை விட்டு நான் வரமாட்டேன் மக்கா, நீயும் பணத்தைக் கரியாக்கிக்கொண்டு வராதே. அப்பாவுக்கு எழுதினேன்: இங்கே இடமில்லை அப்பா.

அதில் இன்னும் இரண்டு வார்த்தை இதமாகச் சேர்த்திருக்கலாம். அது என் தப்புத்தான்.

அண்ணாச்சி அன்றிலிருந்து அடுப்பு பற்றவைக்கவில்லை. அந்த ரைஸ் குக்கர் தூசி பிடித்துக் கிடந்தது. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்பார். தெருவில் எல்லாருக்கும் மனசு கேட்கவில்லை. நான்தான் ஒரு வழி செய்தேன். விழிஞ்ஞம் போகிற பாதையில் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. போன் பார்க்கிற மாதிரியே ஒவ்வொன்றையும் பார்த்து, தங்கினவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்து, நாலரை நட்சத்திரம் வாங்கின ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கிரீஷ் சொல்கிற மாதிரி அவருக்கு எழுதினேன். என்னிடம் வந்தார்.

“கிரீஷ் சொன்னா செரியாத்தான் இருக்கும். நீரும் ஒண்ணு நோக்கிச் சொல்லும் வே.”

“நல்ல எடம் அண்ணாச்சி. நானே கொண்டு விடுகேன்.”

சார்ஜரை எடுத்துக்கொண்டாரா என்று மட்டும் கேட்டேன். வேட்டிமடியிலிருந்து எடுத்துக் காட்டினார். இல்லத்தில் மகன் நம்பர் என்று என் சிம் நம்பரைத்தான் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அதுதானே.

ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இல்லத்து மேலாளர் தாசையன், கிரீஷ் என்று நினைத்து எனக்குக் குரல்செய்தி அனுப்பினார்: “மோனே, அப்பாவுக்குத் தீரெ வய்யா. ஒரு தடவ உன் குரல் கேட்டாப் போதும்ணு பறயுகாரு. ஒண்ணு விளிக்கணும்.” ரொம்ப முடியவில்லை, ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்கிறார். விளிக்கலாம், ஆனால் என் குரல் அண்ணாச்சிக்குத் தெரியும். மீட்டிங்கில் இருக்கிறேன், பெருமாள் அண்ணன் வருவார் என்று எழுதிவிட்டு, பெருமாளாக நான் போனேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்துத் தந்தார்.

“பெருமாளு, இது செரியாத்தான் இருக்கா? அவன் விளிச்சுக்கிட்டேதான் இருப்பான். நமக்குத்தான் கேக்கல்ல போல.”

நான் வாங்கி, எல்லாவற்றையும் திறந்து திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சொன்னேன், போனில்தான் தகராறு அண்ணாச்சி, அவன் விளிச்சிருக்கான், மணி அடிக்கவில்லை என்று. அவர் முகம் தெளிந்துபோயிற்று. “நீர் அப்பமே சொன்னீரு, இந்தச் சவத்த வாங்காதீரும்ணு” என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தது. மகன்மேல் ஒரு குறையும் இல்லாமல்தான் அன்று சாயங்காலம் கண்ணை மூடினார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கொள்ளி வைக்க ஆள் வேண்டுமே என்று தாசையன் கேட்டார். கிரீஷாக அவருக்கு எழுதினேன்: என்னால் வர முடியாது, பெருமாள் அண்ணன் எனக்குக் கூடப்பிறந்த மாதிரி, அவரே வைக்கட்டும், எனக்குச் சம்மதம். அதைத் தாசையன் தெருவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். நான் மொட்டை அடித்து, ஈரவேட்டியோடு கொள்ளிக்குடம் உடைத்து, தைக்காட்டுச் சுடுகாட்டில் தீ வைத்தேன். பெற்ற மகன் வரவில்லை, பெருமாளல்லவா மகன் என்று தெருவே சொன்னது. சரஸ்வதிகூடச் சொன்னாள்.

எங்கள் தெரு தாணுமாலையனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கிரீஷை முகநூலில் தேடிப் பிடித்து, அப்பன் செத்ததுக்கு வராத நீயெல்லாம் மனுஷனா என்று வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டான். கிரீஷ் திரும்ப எழுதினான், எங்கப்பா இன்று காலையில்கூட எனக்குச் சுபதினம் அனுப்பினாரே என்று. அனுப்பினேன், உண்மைதான். நிறுத்தினால் பையன் பயந்துபோவானே என்று அனுப்பினேன்.

விமானம் ஏறி வந்த கிரீஷ் நேற்று இதே அறையில் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “அப்பா எழுதினது ஏதாவது ஒண்ணாவது இருக்கா அங்கிள்?” என்று கேட்டான். எல்லாம் என் சிம்மில் பத்திரமாக இருக்கிறது, ஒன்றைக்கூட அழிக்கவில்லை என்றேன். அவற்றைத் தனக்குத் தரச் சொன்னான். அது எப்படி முடியும் சார்? எனக்கு வந்ததல்லவா?

புகாரில் இருப்பதெல்லாம் நான் செய்ததுதான். மறுக்கவில்லை, எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி. பதினாறாம் நாள் அடியந்திரம் வருகிறது, அன்றைக்கு ஒரு நேரம் மட்டும் என்னை வெளியே விட வேண்டும். கொள்ளி வைத்தவன்தானே பிண்டம் வைக்க வேண்டும். கிரீஷும் வரட்டும், நான் தடுக்க மாட்டேன். எனக்குப் பின்னால் நின்று அவனும் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடட்டும். என்ன இருந்தாலும் அவனுக்கும் அப்பாதானே.